விலை ஏறாத வீடு

மீட்டர் என்ற பெயரை அவருக்கு வைத்தது தண்ணீர் இலாகாவின் பட்டறையில் கூட வேலை பார்த்தவர்கள். அங்கே இருபது வருஷத்துக்கு மேல் வீட்டுத் தண்ணீர் மீட்டர்களைச் சோதித்தவர் என்பது ஒரு காரணம். வெளியே போய் ஒரு டீ குடித்தாலும் அதைச் செல்போனில் பதிந்துவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைப்பார் என்பது இன்னொன்று.

நாற்பத்தேழு வயதில் வேலையை விட்டார். யாரும் துரத்தவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் போதும் என்று கணக்குச் சொன்னது. பிள்ளைகள் இல்லை, கடன் இல்லை, இரண்டு அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு சொந்தம். அந்தச் சேமிப்பை அவர் தொட்டி என்றுதான் சொல்வார். மாதம் ஒரு தொகையை மட்டும் திறந்துவிட்டால் எண்பத்தைந்து வயது வரை தொட்டி வற்றாது. அதற்கு முன்னால் வற்றினால்? அறுபத்தெட்டு வயது ஆளை எந்தப் பட்டறை வேலைக்கு எடுக்கும்? அந்தக் கேள்விதான் அவரைத் தினமும் கணக்கு எழுத வைத்தது.

மாதம் பிறந்ததும் தொகையை மனைவி கையில் கொடுப்பார். சாப்பாடு முடிந்த பிறகு அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே விலைகளைச் சொல்வாள். இவர் செல்போனில் தட்டுவார்.

"எண்ணெய்?"

"நூத்தி நாப்பது."

"சோப்பு?"

"முப்பத்தஞ்சு. அதே சோப்புதான், அதே விலைதான். எழுதுங்க, தூக்கம் வருது."

பில் கேட்டதே இல்லை. கட்டிய மனைவியிடம் போய் யாராவது பில் கேட்பார்களா? மாதக் கடைசியில் கொடுத்ததும் செலவானதும் ஒட்டி உட்காரும். மூன்று வருஷமாக அப்படித்தான். ஊரில் பஸ் கட்டணம் ஏறியது, மின்சாரம் ஏறியது. அந்த இரண்டையும் அவரே கட்டுவதால் தெரியும். ஈடுகட்ட நடக்க ஆரம்பித்தார், கூடத்து விளக்கைக் குறைத்தார். ஆனால் சமையல்கட்டுச் செலவு மட்டும் வரைபடத்தில் படுத்த கோடாக ஓடியது.

அந்தக் கோட்டுக்கு ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறை கேன்டீனில் பழைய சகாக்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். மீட்டர் சுவரில் வரைபடத்தைக் காட்டிப் பேசுவார். "விலைவாசிய வாசல்லயே நிறுத்தணும். உள்ள விட்டா சோபாவுல உட்காந்துடும்." கைதட்டுவார்கள். முன்வரிசையில் வால்வு உட்கார்ந்திருப்பான். பிரதான குழாய்களின் வால்வுகளைத் திறந்து மூடுகிறவன், இவரைவிட ஆறு வயது சின்னவன். அந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை ராஜினாமா கடிதம் கொடுக்கப்போவதாகப் போன கூட்டத்தில் எழுந்து அறிவித்தவன் அவன். "எல்லாம் அண்ணன் போட்ட பாதை" என்றான். மீட்டருக்கு அன்று நடை கொஞ்சம் மாறித்தான் போயிற்று.

அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மனைவிக்குக் காய்ச்சல். இவர் பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனார். வேலையை விட்ட பிறகு அந்தக் கடைக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

கடைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு, "வேற யாரோட பில்லையோ சேத்துட்டீங்க" என்றார் மீட்டர்.

"உங்க அஞ்சு சாமான்தான் சார் மேசைல இருக்கு."

"எண்ணெய் நூத்தி நாப்பதுதானே?"

கடைக்காரர் சிரித்தார். "எந்த வருஷத்துல சார்? இருநூத்திப் பத்து. உங்க வீட்டு அக்கா முந்தாநாள்கூட இதே விலைக்குத்தானே வாங்கிட்டுப் போனாங்க."

பின்னால் நின்ற ஒருவர், "பெரியவர் இப்பதான் வெளிநாட்டுலேருந்து வராரு போல" என்றார். சிரிப்பு கிளம்பியது. மீட்டர் பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து பிளாட்பாரத்திலேயே நின்றார்.

பட்டறையில் ஒரு முறை உண்டு. மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மீட்டரைப் பார்ப்பதில்லை. அதன் வழியாகத் தண்ணீரை விட்டு, மறுபக்கம் அளவுக்கோடு போட்ட தொட்டியில் பிடிப்பார்கள். தொட்டியில் விழுந்ததும் முள் காட்டியதும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய மீட்டர்கள் பெரும்பாலும் மெதுவாக ஓடும். போன தண்ணீரைவிடக் குறைத்துக் காட்டும். பிடிபட்டதும் வீட்டுக்காரர், "நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு" என்பார். மீட்டர் அந்தப் பதிலைக் கேட்டு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார். தன் வீட்டு முள்ளை ஒரே ஒரு தடவை கூடத் தொட்டியில் பிடித்துப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து பையைக் கட்டில் பக்கத்தில் வைத்தார்.

"எண்ணெய் இருநூத்திப் பத்து" என்றார்.

அவள் போர்வையை முகத்திலிருந்து இறக்கினாள். பிறகு, "தெரியும்" என்றாள்.

"மிச்சத்துக்கு யார் பணம் போட்டது? உங்கக்காவா?"

"அக்காவுக்கு ஏது? நான்தான்."

மத்தியானம் ஒன்றரைக்குக் கிளம்பி ஏழு மணிக்குத் திரும்புவாள். முழங்கால் வலிக்கிற அக்காவுக்கு ஒத்தாசை என்று பேச்சு. போனது அக்கா வீட்டுக்கு இல்லை. நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்கில், வாங்கினவர்கள் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிற துணிகளைப் பிரித்து, கறை பார்த்து, மடித்து, மறுபடி கட்டுகிற வேலை. இரண்டு வருஷமாகப் போகிறாள். அவள் புடவையில் ஒட்டியிருக்கும் டேப் துண்டுகளை இவரே எத்தனையோ தடவை உரித்துப் போட்டிருக்கிறார்.

"எதுக்கு மறைச்ச?"

"மொதல் வருஷம் நெஜ விலைதானே சொன்னேன்? எண்ணெய் இருபது ஏறுச்சுன்னேன். நீங்க சாப்பாட்டைக் குறைச்சீங்க. நாலு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத் தொட்டி எப்ப வத்தும்னு தட்டிட்டே இருந்தீங்க. ஒருநாள் சும்மா பழைய விலையச் சொன்னேன். பாட்டுப் பாடிட்டே போய்க் குளிச்சீங்க. இதென்ன, இவ்வளவுதானா மருந்துன்னு தோணிச்சு."

"மருந்தா? என் காதுல பூ சுத்திருக்க!"

"ஆமா, சுத்தினேன். கத்தாதீங்க, தலை வலிக்குது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பக்கக் கம்பி பசை போட்டு ஒட்டினது. "கோடு வளையக் கூடாதுன்னு இத ரெண்டு வருஷமா ஒட்டிப் போட்டுக்கறேன். என் சிநேகிதன் மக கல்யாணத்துக்குப் போகல, டிக்கெட் விலை அதிகம்னு. எந்தக் கோட்டுக்காக? நீ சும்மா கீறின கோட்டுக்காக."

"புதுக் கண்ணாடி வாங்குங்க, நான் தரேன்னு சொன்னேன். எந்தப் பணம்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? வரைபடம் கெட்டுடும்னீங்க."

சொன்னது ஞாபகம் இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது. சமையல்கட்டுக்குப் போய், நிஜ விலைகளைப் போட்டுத் தட்டினார். அறுபத்தேழு வயதிலேயே தொட்டியின் தரை தெரிந்தது.

பிறகுதான் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. வால்வுக்குப் போன் போட்டார்.

"டேய், லெட்டர் குடுக்காத. என் கணக்கு தப்பு. உங்க அண்ணி வேலைக்குப் போறா."

"தெரியும்ணே. எங்க வீட்டுக்காரியும் அங்கதான். பக்கத்து மேசை."

மீட்டர் செல்போனை மறு காதுக்கு மாற்றினார். அவனே தொடர்ந்தான். "நம்ம பசங்க எல்லாருக்கும் தெரியுமே."

"தெரிஞ்சுமா கை தட்டினீங்க?"

"திட்டமே அதுதானேண்ணே? நாம வேலைய விடறோம், அவங்க போறாங்க. கூட்டத்துல சொன்னா நல்லா இருக்காதுன்னு அந்தப் பகுதிய மட்டும் நீங்க முழுங்கிடறீங்கன்னு நினைச்சோம். விவரமான ஆளுன்னு பேசிக்குவோம்."

"எனக்கே இன்னைக்குத்தாண்டா தெரியும்."

மறுமுனையில் முதலில் ஒரு சிரிப்பு. இவர் சேர்ந்து சிரிக்காததைக் கவனித்து அது நின்றது. "நெசமாவா? மீட்டர் பாக்கறவருக்கேவா?"

பொண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு மேடையில் கோடு காட்டுகிறவன். பன்னிரண்டு பேர் மனதிலும் இரண்டு வருஷமாக அவர் அதுதான். தெரியாது என்று சொன்னால் முட்டாள், தெரியும் என்று சொன்னால் மோசக்காரன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதியைக்கூட மனைவி அவருக்கு வைக்கவில்லை.

"லெட்டரக் கிழிச்சுப் போடு" என்றார்.

"இருங்கண்ணே. மொதல்ல எங்க வீட்டுக்காரிகிட்டக் கேக்கணும்." கொஞ்சம் தயங்கி, "இதுவரைக்கும் கேக்கல" என்றான்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல் விட்டது. ஒன்றரை மணிக்குத் தலை வாரிக்கொண்டு கைப்பையைத் தேடினாள். அக்கா வீட்டுக்கு என்று இந்தத் தடவை சொல்லவில்லை. நான்கு நாளாக இரண்டு பேரும் உப்பு, தண்ணீர், கதவு தவிர எதுவும் பேசியிருக்கவில்லை. மாலைக் கணக்கும் நின்றுபோயிருந்தது.

அவர் கூடத்து நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். "அங்க ஆள் எடுக்கறாங்களா?"

"எடுக்கறாங்க. வயசு பாக்கறதில்ல."

"துணி மடிக்க எனக்கும் வரும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாருக்குள் சிக்கிய டேப் துண்டை உரித்து வாசல் பக்கம் போட்டாள்.

"வாங்க. காலைல ஒரு ஷிஃப்ட் இருக்கு, அதுல சேருங்க" என்றாள். "என் ஷிஃப்ட் மட்டும் வேண்டாம். அந்த அஞ்சு மணி நேரம்தான் யாரும் எங்கிட்ட விலை கேக்கறதில்ல."