மேஜை மேல் வைத்த வானம்

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வலது கையால் சாப்பிட்டபடியே இடது கையால் ஒரு கிண்ணத்தைத் துழாவுகிறார் என் மருமகன். கிண்ணத்தில் இருப்பது தொட்டுக்கொள்ள அல்ல. சட்டைப் பொத்தான்களும், மூக்குக் கண்ணாடியில் மூக்கின் மேல் உட்காருமே, அந்தச் சின்ன ரப்பர் துண்டுகளும்தான் அதில் கிடக்கின்றன.

“அத்தை, இப்ப கையில இருக்கிறது பொத்தானா, ரப்பரா? நான் ரப்பர்ங்கிறேன்.”

“பொத்தான். கண்ணைத் திறந்து சாப்பிடுங்க மாப்பிள்ளை, சட்டையெல்லாம் குழம்பு.”

போன மாதம் கை மாறி ஒரு ரப்பர் துண்டு சாப்பாட்டோடு உள்ளே போய்விட்டது. என் மகள் பதறவில்லை. “ஒரு நட்சத்திரத்தை முழுங்கிட்டாரும்மா. பரவாயில்ல, மங்கலானதுதான்” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளும் தேறிவிட்டாள்.

இவருக்குக் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை. பகலெல்லாம் கண் தெரிகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிய வைப்பது தொழில். வாரத்தில் ஒரு நாள், வெயில் தாழ்ந்ததும் கடையைச் சாத்திவிட்டு, பார்வையில்லாதவர்கள் தங்கும் விடுதிக்குப் போய் அவர்களுக்கு நட்சத்திரம் சொல்லிக் கொடுக்கிறார். ஊரில் எவ்வளவோ பேர் இருக்க, ஒரு கண்ணாடி கூட விற்க முடியாத கூட்டமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார் என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களும் விடுவதில்லை. “கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்கு சார் நட்சத்திரம்?” என்பார்கள்.

“நமக்கு மட்டும் கைக்கு எட்டுதா? யாருக்கும் எட்டாத சாமான்தானே, இவங்களை மட்டும் ஏன் தள்ளி வைக்கணும்?” என்று கேட்டுக்கொண்டே, கேட்டவர் மூக்கின் மேல் புது ஃபிரேமை மாட்டிவிடுவார். பாதிப் பேர் அந்தக் குழப்பத்திலேயே அதை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அவருடைய வானம் ஒரு ஒட்டுப்பலகை. மங்கலான நட்சத்திரத்துக்கு ரப்பர் துண்டு, பளிச்சென்று தெரிவதற்குச் சட்டைப் பொத்தான், சாயங்காலம் முதலில் வரும் வெள்ளிக்கு மட்டும் என் பழைய கோட்டிலிருந்து என்னைக் கேட்காமல் பிய்த்த பெரிய பொத்தான். ஒன்றோடு ஒன்றைச் சேர்க்க மூக்குக் கண்ணாடிக் கயிறு. வடக்கு எது என்று விரலுக்குத் தெரிய விளிம்பில் ஒரு வெட்டு. அச்சடித்த வரைபடம் ஒன்றைப் பார்த்து, ஒரு புள்ளி விடாமல் ஒட்டினார். எழுத்தே தெரியாத என்னிடம் அதை நீட்டி, “சரியா இருக்கா அத்தை?” என்றார். கோட்டுப் பொத்தான் ரொம்பச் சரியாக இருக்கிறது என்றேன்.

விடுதியில் இவருக்கு ராணி மாதிரி ஒருத்தி உண்டு. ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுக்கிறவள், எல்லாருக்கும் டெலிபோன் அக்கா. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. “மேல என்னமோ இருக்குன்னு எல்லாரும் சொல்றீங்க, நாங்களும் நம்பிட்டு வர்றோம். எங்க இருக்குன்னு ஒருத்தராவது கையைப் பிடிச்சுக் காட்டினீங்களா?” என்று முதல் நாளே கேட்டவள். அன்றிலிருந்து எல்லாரையும் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள புல்தரைக்கு அழைத்துப் போய்த்தான் பாடம். அங்கே தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் எந்தப் பக்கம் சூடு இன்னும் மிச்சம் இருக்கிறதோ அது மேற்கு. அக்கா புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, வடக்கே முகத்தைத் திருப்பி நிற்பாள். மற்றவர்களும் அவளைப் பார்த்து என்று சொல்ல வந்தேன்; அவள் குரலைக் கேட்டு வரிசையாக நிற்பார்கள்.

இதில் விடுதிப் பொறுப்பாளர் அம்மாவுக்கு ஒப்புதல் இல்லை. கெட்ட மனுஷி இல்லை, பயந்த மனுஷி. “பள்ளம், பூச்சி, பனி. யாராவது விழுந்தா நான்தானே சார் பதில் சொல்லணும்? பலகையைத் தொட்டுத்தானே படிக்கிறாங்க, அதை ஹால்ல வச்சுத் தொடட்டுமே. ஃபேன் இருக்கு.”

“ஹாலுக்குள்ள மேற்கு எதுங்க மேடம்? ஃபேனா?” என்றாள் டெலிபோன் அக்கா.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இந்த வாரம் அந்த அம்மாவே வந்து பார்ப்பார். ஹாலில் கிடைக்காத எதுவோ வெளியே கிடைக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் புல்தரை. இல்லாவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து ஹால். “ஹால்னா நான் வரல. சுவத்துக்குள்ளதான் நாள் முழுக்க இருக்கேன், வானத்தையும் உள்ள கொண்டுவந்து போடணுமா?” என்று அக்கா சொல்லிவிட்டாள். அவள் வராவிட்டால் மற்றவர்களும் வர மாட்டார்கள். மருமகன் அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. துணைக்கு நானும் போனேன். ஃப்ளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வர ஆள் இல்லை என்றார்கள். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

மேஜையைப் புல்தரையில் போட்டு, வெட்டு வடக்கே இருக்கும்படி பலகையை வைத்தார். சூரியன் விழுந்து வானம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. பொறுப்பாளர் அம்மா டார்ச்சோடு வந்தார். வருகிற வழியில் பள்ளத்தில் கால் வைத்தது அவர் ஒருவர்தான்.

“சரி, வெள்ளி எந்தப் பக்கம் இருக்குன்னு காட்டுங்க பார்ப்போம்” என்றார். அதுவரை பலகையைத் தொட்டுப் பெயர் சொன்னதோடு சரி, வானத்தில் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

எல்லாரும் பலகையைத் தடவினார்கள். கோட்டுப் பொத்தானைக் கண்டுபிடித்தார்கள். அது வலது ஓரத்தில் இருந்தது. கிட்டத்தட்ட எல்லாருமே வலது கையை நீட்டினார்கள். கச்சிதமாகக் கிழக்கே. கிழக்கே விடுதிச் சமையலறைதான் இருந்தது. வெள்ளியோ அவர்கள் எல்லாருடைய இடது பக்கமும், தொட்டிக்கு மேலே தகதகவென்று நின்றது. எனக்கே தெரிந்தது.

“பாத்தீங்களா சார்?” என்றார் பொறுப்பாளர் அம்மா. சந்தோஷமாகச் சொல்லவில்லை, அதனால் இன்னும் சுருக்கென்றது. “சமையல்கட்டைக் காட்டுறாங்க. இதுக்கா இவ்வளவு தூரம்?”

என் மருமகன் பலகையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், திரும்பப் பலகையைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கூட அவர் முகம் அப்படி வேர்க்கவில்லை.

டெலிபோன் அக்கா மட்டும் கை நீட்டாமல் நின்றிருந்தாள். “தம்பி, வெள்ளி சூரியனுக்குப் பின்னாடியே போகும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமாக்கா.”

“சூரியன் தொட்டிப் பக்கம் போயிருக்கு. சுவரு இன்னும் சுடுது. பலகை இந்தப் பக்கம்ங்குது. பொய் சொல்றது சூரியனா, பலகையா?”

“வரைபடத்தைப் பாத்துத்தானேக்கா ஒட்டினேன். ஒண்ணுகூட மாறல.”

“அந்தப் படத்தை நீங்க பாக்கும்போது எப்படிப் பிடிப்பீங்க?”

“எப்படின்னா… இப்படி” என்று வெறும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி அண்ணாந்தார். தூக்கிய கைகள் அப்படியே நின்றன. “ஐயையோ” என்றார்.

பிறகு எனக்கு விளக்கினார். அந்தப் படத்தைத் தலைக்கு மேல் பிடித்து, அண்ணாந்து பார்க்கவேண்டுமாம். அதற்காகவே அதில் கிழக்கை இடது பக்கம் போட்டிருப்பார்களாம். மேலே தூக்கினால் எல்லாம் சரியாகிவிடும். மேஜையில் போட்டால் கிழக்கு மேற்காகிவிடும். கண் தெரிகிறவர்கள் யோசிக்காமலே தூக்கிப் பிடிப்பதால் இது அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை. எதிரே உட்கார்ந்தவரின் வலது கண்ணைத் தன் இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு தினமும் பிழைப்பு நடத்துகிற மனிதர் இவர். கடையில் ஒரு நாளும் ஒரு லென்ஸ் மாறியதில்லை. வானம் முழுவதையும் மாற்றி வைத்துவிட்டார்.

அன்றைக்கு விளக்கத்துக்கெல்லாம் நேரம் இல்லை. பலகையைத் தூக்கிக் குப்புறத் திருப்பி, வெட்டு வடக்கே இருக்கும்படி தலைக்கு மேல் பிடித்தார். “அக்கா, கீழ இருந்து தொடுங்க.”

அக்கா எம்பி, அடிப்பக்கத்தைத் தடவினாள். அவசரமே படவில்லை. இடது கை கோட்டுப் பொத்தானில் போய் நின்றது. அதை விடாமல் வலது கையைத் தொட்டிப் பக்கம் நீட்டி, மெதுவாக உயர்த்தினாள். விரல் போய் நின்ற இடத்தில் வெள்ளி இருந்தது.

பொறுப்பாளர் அம்மா அந்த விரலின் வழியே பார்த்தார். “அதுவா? நான் அதை டவர் லைட்டுன்னு நினைச்சிட்டிருந்தேன்.”

“எத்தனை வருஷமா மேடம்?” என்றாள் அக்கா.

அந்த அம்மா கேட் பக்கம் திரும்பி, “கேட்டை இப்பப் பூட்டாதப்பா, இங்க நேரமாகும். அடுத்த வாரமும் இப்படித்தான்” என்று காவல்காரருக்குக் குரல் கொடுத்தார். டார்ச்சை அணைத்துவிட்டார்.

எல்லாரும் தொட வேண்டும் என்றார்கள். ஒட்டுப்பலகை லேசான சாமான் இல்லை. என் மருமகன் இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேல் தாங்கிக்கொண்டு நின்றார். வேர்வையில் அவருடைய கண்ணாடி மூக்கில் வழுக்கி, நுனியில் ஒரு கணம் தொங்கி, புல்லில் விழுந்தது. அது இல்லாமல் எதிரில் நிற்பது நானா தொட்டியா என்று கூட அவருக்குத் தெரியாது.

“என்ன தம்பி விழுந்துச்சு?”

“ஒண்ணுமில்லக்கா. அடுத்தது யாரு, வாங்க.”

வந்தது ஒரு குள்ளமான அம்மாள். கையை எவ்வளவு நீட்டியும் எட்டவில்லை. விரல்கள் காற்றைத் தடவுகிற சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டாரோ என்னவோ, என் மருமகன் இரண்டு முழங்காலையும் மடக்கி, வானத்தை ஒரு சாண் கீழே இறக்கினார்.