கம்ப்யூட்டர் ரூம் வாசலில்

எண்பதுகளின் கடைசியில் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றுக்கு ஏசி சர்வீசுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பு போடக்கூடாதாம், தூசியாம். செருப்பு செய்கிற இடத்தில் இப்படி ஒரு சட்டம்! உள்ளே ஸ்வெட்டரும் வெறுங்காலுமாக, ஷூ வரைகிறவர் தனியாக இருந்தார். திரையில் பச்சைக் கோடுகளாலான ஷூவைத் திருப்பும்போதெல்லாம் தன் கால்விரல்களை மடக்கி நீட்டினார்.

"தோல் வெட்டுற கட்டிங் செக்ஷன்ல நாப்பது பேரோட இருந்தவன் தம்பி. இது வந்ததும் என்னை இங்க போட்டுட்டாங்க. ஷூவுக்கு உள்ளகூட போய்ப் பார்க்கலாம், தெரியுமா?"

"உள்ள இன்னா சார் இருக்குது?"

"யாரும் இல்ல."

வேலை முடிந்து, வெளியே வந்து என் செருப்பை மாட்டினேன். வழியனுப்பக் கதவுவரை வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் மிச்சமிருந்த தன் ஒரு ஜோடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.