தொப்பி பிடிக்காதவள்

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணியறை அக்கா என்று பேர். நானூறு கட்டில்களின் விரிப்புகள், தலையணை உறைகள், டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் கிழிந்தால் அடித்தளத்தில் இருக்கும் அந்த அறைக்குத்தான் வரும். சலவையிலிருந்து வந்த துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். ஓட்டை இருந்தால் ஒட்டுப்போடுவாள், இல்லாவிட்டால் மடித்து வைப்பாள். இருபத்தாறு வருஷமாக இதுதான் வேலை. பெரிய டாக்டர்கள்கூட அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, என் கோட்டைக் கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள் என்று நிற்பது உண்டு. அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

அவள் கணவர் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். வீடு வீடாகப் போய், படிக்கட்டுக்கு அடியிலும் சமையலறை மூலையிலும் குனிந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற உத்தியோகம். மீட்டர் இருக்கிற இடத்தில்தான் ஜனங்கள் வேண்டாத சாமானையும் போட்டு வைப்பார்கள். அப்படி ஒரு வீட்டில், உடைந்த குடைக்கும் பெயிண்ட் டப்பாவுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த ஒரு பழைய ஃபெல்ட் தொப்பி அவர் கண்ணில் பட்டது. அந்தக் காலத்து ஆண்கள் கோட்டு சூட்டோடு போட்டுக்கொண்ட, முயல் ரோமத்தை அழுத்திச் செய்த தொப்பி. கேட்டார், எடுத்துக்கொண்டு போங்கள், இடமாவது காலியாகட்டும் என்று கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

பத்தொன்பது வருஷத்தில் அறுபத்துமூன்று தொப்பிகள். வீட்டின் பின்னறை முழுக்க அதுதான். கறுப்பு, பழுப்பு, சாம்பல், ஒரே ஒரு பச்சை. கெட்டிலின் ஆவியில் காட்டித் தொப்பியை இளக வைப்பார். தலை வடிவத்தில் கடைந்த மரக்கட்டையில் இழுத்து மாட்டி, அடியில் கயிறு கட்டிக் காயவிடுவார். மென்மையான பிரஷ்ஷால் ரோமம் படிந்த போக்கிலேயே துடைப்பார். பழைய வியர்வைக் கறைக்கு மாவு தூவி ஊறவைப்பார். வேடிக்கை என்னவென்றால், அவருக்குத் தலை ரொம்பச் சின்னது. அறுபத்துமூன்றில் ஒன்றுகூட அவருக்குப் பொருந்தாது. போட்டால் காதுவரை இறங்கி, கண்ணை மறைத்து, மூக்கில் வந்து நிற்கும். ஒரு தடவை அப்படி நின்றபோது அவள் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் எதிரில் அவர் தொப்பி போட்டுப் பார்த்ததில்லை.

சண்டை சச்சரவு கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. குழந்தையும் இல்லை. அவர் பின்னறையில் இருப்பார், அவள் முன்னறையில் இருப்பாள். சாப்பாடு ஆயிற்றா, ஆயிற்று. விளக்கை அணைக்கட்டுமா, அணை. இருபத்துநாலு வருஷம் இப்படி ஓடிவிட்டது.

ஒரு புதன்கிழமை காலை யாரோ ஒருவர் வீட்டின் நிலவறையில், மீட்டருக்கு முன்னால் குனிந்த கணவர் அப்படியே சரிந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அவளைக் கூப்பிடச் சொன்னார். அப்போது அவள் ஒரு கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டுக்கொண்டாள், சரி என்றாள், போனை வைத்தாள். பொத்தானைத் தைத்து முடித்து, நூலைக் கடித்து, கோட்டை மாட்டிவிட்டு அப்புறம்தான் எழுந்தாள். அப்படிச் செய்தது அவளுக்கே இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் போனபின்னும் அவளுக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, ஒரு வாரம் கூடவே தங்கினாள். அவள் அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தாள். கிளம்புகிற அன்றைக்குத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"ரொம்ப நேரம் கால் மேல கால் போட்டு உக்காந்தா மரத்துப்போகும் பாரு, அந்த மாதிரி இருக்கு. என் கால்தான்னு தெரியுது. கிள்ளினா தெரியல."

நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மறுநாளே இவள் வேலைக்குப் போனாள். துணியறைக்குக் கிழிசல் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் எதையாவது சாப்பிட்டாள், டிவி எதிரில் உட்கார்ந்தாள். என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பின்னறைக் கதவைத் திறக்கவே இல்லை. பயமோ துக்கமோ காரணம் இல்லை. திறக்க வேண்டிய வேலை எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து மாதம் கழித்து ஒரு போன் வந்தது. ஓய்வுபெற்ற சர்வேயராம். தன் சாம்பல் நிறத் தொப்பியைச் சரிசெய்யக் கொடுத்திருந்தாராம். வெளியூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தாராம். தயாராகிவிட்டதா என்று கேட்டார். கணவர் அடுத்தவர்களுக்கும் தொப்பி சரிசெய்து கொடுத்தார் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். அவர் இறந்துவிட்டார் என்றாள், கடை மூடியிருக்கிறது என்பது மாதிரி. மறுமுனையில் அவர், தொப்பி ஒன்றும் அவசரமில்லை என்று தடுமாறினார். அவளோ வருகிற சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை. வாய்க்கு வந்தது, சொல்லிவிட்டாள்.

பின்னறைக் கதவைத் திறந்தால் அந்துப்பூச்சி பறந்தது. துணியறைக்காரிக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. திரைக்குப் பின்னால் கைவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு தொப்பியாக முற்றத்தில் வைத்து உதறினாள். பதினோரு தொப்பிகளைப் பூச்சி அரித்திருந்தது. சர்வேயரின் தொப்பி கட்டையில் கயிறு கட்டியபடியே இருந்தது. அதிலும் முன்பக்கம் இரண்டு ஓட்டை. ரிப்பனும், நெற்றியில் படுகிற தோல் பட்டையும் தனித்தனியாகக் கழற்றி ஓர் உறையில் போட்டிருந்தது. உறைமேல் பென்சிலால் "சர்வேயர், 58 செ.மீ., இடது காதுப் பக்கம் இறுக்கம்" என்று கணவரின் கையெழுத்து.

முதலில் வேறொரு தொப்பியில் கையைப் பழக்கலாம் என்று, கைக்குக் கிடைத்த பச்சைத் தொப்பியை எடுத்தாள். விரிப்பைத் துவைக்கிற பழக்கத்தில் அதைச் சூடான தண்ணீரில் முக்கி நன்றாகத் தேய்த்தாள். அது சுருங்கியது. பிழியப் பிழிய இன்னும் சுருங்கிக் கடைசியில் ஒரு தேநீர்க் கோப்பையைத்தான் மூடலாம் என்கிற அளவுக்கு வந்து நின்றது. கணவர் ரொம்ப ஆசையாக வைத்திருந்தது அதுதான். அதன் சொந்தக்காரர் மனம் மாறிக் கொடுப்பதற்குக் கணவர் நாலு வருஷம் காத்திருந்தார். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போதாவது உள்ளே ஏதாவது அசையுமா என்று பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. குப்பைக் கூடையில் போட்டாள்.

பிறகு யோசித்து, கணவர் சரிசெய்து முடித்த ஒரு தொப்பியை எடுத்து அதன் ரிப்பனைப் பிரித்தாள். ரிப்பன் மறைக்கிற இடத்தில் ஃபெல்ட் வழுக்கையாக இருந்தது. அங்கிருந்து ரோமத்தைச் சுரண்டி எடுத்து, பசையோடு சேர்த்து ஓட்டையில் அடைத்திருக்கிறார் என்று புரிந்துபோயிற்று. எவர் கண்ணுக்கும் படாத இடத்திலிருந்து எடுத்து, படுகிற இடத்துக்கு. அவளும் விரிப்புகளுக்கு அப்படித்தான், மெத்தைக்கு அடியில் போகிற ஓரத்திலிருந்து வெட்டி ஒட்டுப்போடுவாள்.

தோல் பட்டையைத் தைத்திருந்த விதத்தைப் பார்த்தபோதுதான் கை நின்றது. உள்ளே நீளத் தையல், வெளியே ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி. அது அவளுடைய தையல். துணியறையில் அவளாக வரவழைத்துக்கொண்டது. யாரிடமும் கற்றதில்லை, யாருக்கும் கற்றுக்கொடுத்ததும் இல்லை. அவள் முன்னறையில் தைத்துக்கொண்டிருக்கும்போது இந்த மனுஷர் எங்கிருந்தோ பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓ, என்று மட்டும் தோன்றியது அவளுக்கு. ஊசியில் நூலைக் கோத்தாள்.

சனிக்கிழமை சர்வேயர் வந்தார். உயரமான மனுஷர், தலை பளபளவென்று வழுக்கை. தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை இருந்த இடத்தை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. போட்டுப் பார்த்து, இடது காதுப் பக்கம் கொஞ்சம் பிடிக்கிறது என்றார். அவள் மறுபடி வாங்கி, ஆவியில் காட்டி, அந்த இடத்தை மட்டும் கட்டைவிரலால் தள்ளிக் கொடுத்தாள். பத்து நிமிஷ வேலை. அதற்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்திருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் இருந்தா எனக்குப் பொழுது போறதே தெரியாதும்மா. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கறப்போ மத்தியானம் வந்து உக்காந்தா சாயந்திரம்தான் எழுந்திருப்பேன். என்ன பேச்சு, என்ன பேச்சு. ஒரு ரிப்பனைப் பத்தியே ஒரு மணி நேரம் பேசுவார்."

"யாரு?"

"அவர்தாம்மா. நீங்க ஒட்டுப்போட்டா டாக்டருக்கே தழும்பு தெரியாதுன்னு சொல்லிச் சிரிப்பார். எனக்கு உங்களைப் பார்க்கறதுக்கு முன்னாடியே உங்களை நல்லாத் தெரியும்."

"வீட்ல அவர் பேச மாட்டார், சார்" என்றாள்.

சர்வேயர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பைச் சுற்றித் தடவினார். நன்றி சொல்லிக் கிளம்பினார்.

கதவைச் சாத்தியதும் அவளுக்குக் கோபம் வந்தது. ஐந்து மாதத்தில் உள்ளே வந்த முதல் சமாசாரம் அதுதான். ஊரான் வழுக்கைத் தலைக்குச் சொன்னதைக் கட்டின பெண்டாட்டிக்குச் சொன்னால் நாக்கு தேய்ந்தா போகும்? நாலு சுவர் தாண்டியா இருந்தேன், ஒரு கதவு தாண்டித்தானே இருந்தேன்? பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டுச் சத்தம் கேட்கக் கேட்கத் தேய்த்தாள். சுத்தமாக இருந்த பாத்திரத்தையும் தேய்த்தாள். அரை மணி நேரத்தில் கோபம் வடிந்துவிட்டது. பழைய மரமரப்பே திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் நாத்தனாருக்குப் போன் செய்தாள். அவளாகப் போன் செய்வது அதுவே முதல் தடவை.

"உங்கண்ணன் வர்றவங்ககிட்டல்லாம் மணிக்கணக்காப் பேசுவாராமே?"

நாத்தனார் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "அவன் சின்ன வயசிலேயே அப்படித்தான் அண்ணி. தெருவுல போறவனை நிறுத்திப் பேசுவான். வீட்டுக்குள்ள வந்தா ஊமை. அம்மா இதுக்காகவே அவனைத் திட்டுவா."

"அப்ப என்கிட்ட மட்டும் இப்படி இல்லையா?"

"வீட்ல யார்கிட்டயுமே பேச மாட்டான் அண்ணி."

அதில் ஆறுதல் இருந்ததா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. என்னிடம் மட்டும் இல்லை என்பதை இரண்டு நாள் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

சர்வேயர் இன்னொருவரை அனுப்பினார். அவர் மற்றொருவரை அனுப்பினார். மாதம் இரண்டு மூன்று தொப்பி வரத் தொடங்கியது. தோல் பட்டைக்கு அந்த அளவு, ரிப்பனுக்கு இந்த முடிச்சு என்று கணவர் எழுதி வைத்த உறைகளைப் பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் நாலைந்து தொப்பி கெட்டுப்போயிற்று. எல்லாம் வீட்டுத் தொப்பி, வந்தவர்களுடையது ஒன்றுகூட இல்லை. உங்களுக்குத் தொப்பி என்றால் அவ்வளவு இஷ்டமா என்று வந்தவர் ஒருவர் கேட்டார். இல்லை, எனக்குப் பிடிக்காது என்றாள். அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு போனார்.

இரண்டாம் வருஷம் ஒரு நாடகக் குழுவின் உடை அறைப் பொறுப்பாளர் அம்மாள் வந்து, மிச்சமிருந்த தொப்பிகளை மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். உங்களுக்கென்று ஞாபகத்துக்கு எதை வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். கட்டைகளும் பிரஷ்களும் வேலைக்கு வேண்டும், அவை இருக்கட்டும், தொப்பி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். வண்டியில் ஏற்றும்போது வாசலில் நின்று பார்த்தாள். நாத்தனாரும் வந்திருந்தாள், அவள்தான் பெட்டிகளை எண்ணினாள், அவள்தான் அழுதாள்.

அன்று சாயந்திரம் இரண்டு பேருமாகத் தையல் மெஷினை முன்னறையிலிருந்து பின்னறைக்கு நகர்த்தினார்கள். ஃபெல்ட்டின் நிறம் வெளிறிவிடும் என்று கணவர் அந்த ஜன்னலுக்குக் கெட்டியான திரை போட்டு வைத்திருந்தார். இனி அதற்குத் தேவையில்லை என்று அவள் கழற்றினாள். காலையில் எழுந்து பார்த்தால் அறைக்குள் அவ்வளவு வெயில். ஊசியில் நூல் கோக்க மூக்குக்கண்ணாடிகூட வேண்டியிருக்கவில்லை. இந்த வீட்டில் இப்படி ஒரு வெளிச்சம் இருப்பது இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே என்று நாத்தனாரிடம் சொன்னாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.