நாகல் நகரில் நடை மாறிய இத்தாலிய மெட்டு

காலை ஏழு மணிக்கு மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். திண்டுக்கல் அங்கிருந்து சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். எல்லோரும் அந்த ஊருக்குப் பிரியாணி சாப்பிடப் போவார்கள், நான் ஓபரா கேட்கப் போனேன். வீட்டில் சிரித்தார்கள். ஐரோப்பிய இசை நாடக மேடையில் பிறந்த மெட்டுகள் சினிமாப் பாட்டாகவும் ஜாஸாகவும் வேஷம் மாற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகின்றன. அவற்றைத் தேடிப் போய்க் கேட்பது எனக்கு ஒரு பைத்தியம். திண்டுக்கல் நாகல் நகர் பேண்டு செட்டில் அப்படி ஓர் இத்தாலிய மெட்டு இருப்பதாக நண்பர் சொல்லியிருந்தார். அந்தச் செட்டில் டிரம்பெட் வாசிக்கும் ஆரோக்கியத்திடம் போனில் பேசியபோது, தன் மகள் கல்யாணத்துக்கே வந்துவிடச் சொன்னார்.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஒன்பது மணிக்குப் போய் இறங்கினால், பெண்ணைப் பெற்றவர் பட்டுச் சட்டையில் டிரம்பெட்டைத் துடைத்தபடி இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். மகள் ஸ்டெல்லா சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது அந்த மெட்டைத்தான். சர்ச்சிலிருந்து மண்டபத்துக்கு நடக்கும்போது அப்பா அதை வாசிக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் மாப்பிள்ளையின் பெரியப்பா சேவுகம்பட்டியில் இறந்தபோது, சவப்பெட்டிக்கு முன்னால் இதே செட்டு இதே மெட்டைத்தான் வாசித்துப் போயிருக்கிறது. சாவுக்கு வாசித்ததைக் கல்யாணத்தில் எடுப்பதில்லை என்பது இவர்கள் வழக்கம். இறந்தவரின் மனைவி, பெரியம்மா மார்த்தாள் வருகிறார், அது மட்டும் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியும் அனுப்பிவிட்டார்கள்.

"பிள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன் சார். அந்தம்மா மனசையும் நோகடிக்க முடியாதுல்ல?" என்றார்.

என் செல்போனை நீட்டினேன். அதே மெட்டை ஜாஸ்காரர்கள் வாசித்த பதிவு அதில் இருந்தது. மூலத்தில் ஒரு பெண் காதலனைப் பிரிந்து பாடும் பாட்டு, இவர்கள் கையில் குதித்து ஓடும். ஆரோக்கியம் கண்ணை மூடி இரண்டு முறை கேட்டார். பிறகு சைடு டிரம்காரரைக் கூப்பிட்டு, அடியை எங்கே தள்ளிப் போட வேண்டும் என்று தொடையில் தட்டிக் காட்டினார். கொல்லைப்புறத்தில் அரை மணி நேரம் ஒத்திகை நடந்தது. இது அதே மெட்டுதான் என்று ஊருக்கு விளங்காமல் போகலாம், அந்த அம்மாளுக்கு விளங்கிவிட்டால்?

பன்னிரண்டரை மணி வெயிலில் ஊர்வலம் புறப்பட்டது. ஆரோக்கியம் டிரம்பெட்டைத் தூக்கினார். அடடா, என்ன வாசிப்பு! நீண்டு அழ வேண்டிய சுரங்களைத் துண்டு துண்டாக வெட்டி அந்தரத்தில் எறிந்தார். டிரம் ஒவ்வொன்றையும் ஓடிப்போய்ப் பிடித்தது. இளவட்டங்கள் ஆட்டத்தில் இறங்கினார்கள். ஏதோ புதுச் சினிமாப் பாட்டு என்றார் என் பக்கத்தில் நடந்தவர். ஸ்டெல்லா மட்டும் சட்டென்று நின்று அப்பாவைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

அவளுக்குப் பின்னால் இன்னொருவரும் நின்றுவிட்டார், வெள்ளைச் சேலையில் மார்த்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் நேரே ஆரோக்கியத்திடம் வர, வாத்தியம் ஒவ்வொன்றாக அடங்கியது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. உண்மையிலேயே பயந்துபோனேன்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு வாசிச்சதுதானே இது?"

ஆரோக்கியம் ஆமென்று தலையை ஆட்டினார்.

"அன்னைக்கு ரொம்ப மெதுவா வாசிச்சுட்டீங்க. அந்த மனுசன் ஒருநாளும் மெதுவா நடந்ததில்ல. இப்பத்தான் அவரு நடை வந்துருக்கு. மண்டபம் வர நிப்பாட்டாதீங்க."

சொல்லிவிட்டு அவர் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மண்டபம் வரை வாத்தியம் நிற்கவே இல்லை.

சாயங்காலம் மதுரை பஸ்ஸில் இயர்போனை மாட்டி, நான் போற்றி வைத்திருக்கும் அந்த ஓபரா மூலத்தைக் கேட்டேன். மகத்தான குரல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கொடைரோடு வருவதற்குள் நிறுத்திவிட்டேன். எனக்கும் அது ரொம்ப மெதுவாக இருந்தது.