வியாழக்கிழமை என்று சொன்னேன்

கரீபியன் கடலில் எந்தத் தீவுக்குப் போவது என்பதைத் தீர்மானித்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததை விளங்கிக்கொள்ள இது தேவைப்படும். நியாயப்படுத்துவதற்கு அல்ல.

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் மகளின் வீட்டில் இருக்கிறேன். மனைவி இறந்த பிறகு மகள் தன் வீட்டின் பின்னறையை ஒதுக்கி எனக்குத் தந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பேத்தி முதலாம் வகுப்பு. பேரன் இன்னும் கிண்டர்கார்டன் போகிறவன். மருமகனும் மகளைப் போல இந்த நாட்டில் வளர்ந்தவர். இருவரும் வேலைக்குப் போவதால் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டிவருவதும் என் பொறுப்பு. ஜெர்மனிக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தேன். இங்கே ஓய்வு பெறும்வரை செய்த தொழிற்சாலை வேலைக்கும் புவியியலுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. அதனால் ஒரு குளிர்கால மாலையில் மகள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, "அப்பா, கரீபியனிலை எந்தத் தீவு பிள்ளையளுக்கு நல்லது?" என்று கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க, எழுந்துபோய் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதுபோல் பாவனை செய்யவேண்டியிருந்தது.

மருமகனுக்கு ஜமெய்க்காவில் விருப்பம்.

"கோடை லீவிலை அந்தப் பக்கம் சூறாவளி வரும், தம்பி," என்றேன்.

சொன்னால் போதாது என்று தோன்றியது. சமையலறையிலிருந்து ஒரு பிடி மைசூர்ப் பருப்பை எடுத்துவந்து மேசையில் தீவுகளை வைத்தேன். கியூபாவுக்கு ஒரு நீட்டு வரி. அங்கிருந்து தெற்கே வளைந்து வரும் சின்னத் தீவுகளுக்கு ஒவ்வொரு பருப்பு. தென்னமெரிக்கக் கரைக்கு மேசைவிரிப்பின் மடிப்பு. பேத்தியிடம், நீதான் சூறாவளி, கிழக்கிலிருந்து ஊது என்றேன். அவள் கன்னம் உப்ப ஊதினாள். பருப்பெல்லாம் பறந்து தகப்பனின் மடியில் விழுந்தது. மேசைவிரிப்பின் மடிப்போடு ஒட்டிக் கிடந்த ஒன்றிரண்டு மட்டும் அசையவில்லை.

"இது ஏன் போகேல்லை, அம்மப்பா?"

"அது தெற்கிலை, கரைக்குக் கிட்ட இருக்கு. சூறாவளி பெரும்பாலும் அந்த வழியாலை வாறதில்லை."

"அதுக்கு என்ன பேர்?"

"குராசோ."

"ஒல்லாந்தன்ரை தீவெல்லே?" என்றார் மருமகன், மடியிலிருந்த பருப்பைப் பொறுக்கிக்கொண்டே. "யாழ்ப்பாணத்திலை கோட்டை கட்டினவன் அங்கையும் ஒண்டு கட்டியிருப்பான். மாமாவுக்கு அதுதான் இழுக்குது."

"நீங்கள் சும்மா இருங்கோ. அப்பா சொல்லுறது சரி," என்றாள் மகள்.

"நான் எங்கை பிழையெண்டனான்? மாமா ஒரு ரவல் ஏஜென்சி திறந்திருக்கலாம். நாங்களும் ஓசியிலை உலகம் சுத்தியிருப்பம்."

அதற்குப் பிறகு மாலை நேரங்கள் எங்களுக்குக் குராசோவாகவே கழிந்தன. காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும் தீவு அது, ஆகவே பிள்ளைகள் குளிக்கக்கூடிய அமைதியான கடல் தென்மேற்குப் பக்கம்தான் என்று சொன்னேன். மகள் அந்தப் பக்கத்திலேயே வீடு தேடினாள். பேரன் புட்டும் கெச்சப்பும் தவிர வேறொன்றும் சாப்பிடமாட்டான். அதனால் சமையலறை உள்ள வீடாக இருக்கவேண்டும், மாவும் புட்டுக்குழலும் இங்கேயிருந்து கொண்டுபோகவேண்டும் என்று முடிவானது. பேத்தி கடலாமைகளைப் பற்றிக் கேட்டாள். ஆமைகள் புல் மேய வரும் குடாக்களை அவளுக்குப் படத்தில் காட்டினேன். அவள் பள்ளிக்கூடத்தில் ஆமை படமாக வரைந்து தள்ளினாள்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஒரே வீட்டில் இருக்கிற ஒருவரிடம் "நீங்களும் வாறீங்களோ" என்று நாங்கள் கேட்பதில்லை. அப்படிக் கேட்பது அவரைப் பிறத்தியாராக்குவது. "வெளிக்கிடுங்கோ" என்றுதான் சொல்வோம். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கும் கலியாணவீடுகளுக்கும் மகள் ஒருநாளும் என்னைக் கேட்டுக் கூட்டிப்போனதில்லை. நேரமானதும் காரின் முன்னிருக்கை எனக்காகக் காலியாக இருக்கும். குராசோவுக்கும் யாரும் கேட்கவில்லை. கேட்காததையே நான் என் இடம் உறுதி என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். என் பாஸ்போட் காலாவதியாகியிருந்தது. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் நானே நகரசபையில் ரெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்குப் போய், சிரிக்காத படம் பிடித்துக்கொடுத்துப் புதுப்பித்தேன். ஒரு நீலக் காற்சட்டை, நீந்துவதற்கென்று வாங்கி அலுமாரியில் வைத்தேன்.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் மகள் சமையலறை யன்னலடியில் நின்று கறிவேப்பிலைச் செடியின் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"அப்பா, நாங்கள் நிக்காத நாளிலை இதுக்குத் தண்ணி ஊத்தவேணும். கனக்க ஊத்திப்போடாதேங்கோ, வேர் அழுகிப்போம். மேல்வீட்டு அக்காவோடை கதைச்சிட்டன். மத்தியானச் சாப்பாடு அவ கொண்டுவந்து தருவா."

"ஓம்," என்றேன்.

அறைக்குப் போய்க் கட்டிலில் இருந்தேன். நாலு பேருக்கு இடம் பதிவாகி எவ்வளவு நாளோ தெரியாது. மேல்வீட்டு அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. படியில் கண்டபோதெல்லாம் அவ என்னைப் பார்த்துச் சிரித்தது இதை வைத்துக்கொண்டுதான். தீவைத் தெரிவுசெய்து கொடுத்தவன், காற்றின் திசை சொன்னவன், ஆமை காட்டியவன், கடைசியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன். என் சொந்தப் பிள்ளை என்னிடம் வேலை வாங்கிக்கொண்டு என்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அன்றைக்கு மட்டும் இருந்திருந்தால் ஆறியிருக்கும். நான் அதை ஆறவிடவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்த்தேன்.

வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. நான் பேசாமல் இருப்பதைக் கண்டு அவள் விளங்கிக்கொள்ளவேண்டும் என்று இருந்தேன். வயதுபோனதால் பேச்சுக் குறைந்துவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள் போலும்.

விமானம் ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் முடிவது வெள்ளிக்கிழமை. இங்கே விடுமுறைக்கு ஒரு நாள் முன்பென்றாலும் பிள்ளையைக் காரணமில்லாமல் வீட்டில் மறிக்கமுடியாது. பள்ளிக்கூடம் கண்டிப்பாக இருக்கும். அந்த இரண்டு நாளுக்கும் பிள்ளைக்குச் சுகமில்லை என்று அறிவிப்பதென்று மகளும் மருமகனும் பேசிக்கொண்டார்கள். பேத்திக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் அதை ஒரு நாடகம்போல எடுத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பழகினாள்.

"அம்மப்பா, எனக்கு நல்லாக் குத்துது, பாருங்கோ."

"இன்னும் கொஞ்சம் குனி," என்றார் தகப்பன். "இதுக்கு உனக்கு ஒருத்தரும் லீவு தராயினம்."

படிப்பித்த ஒருவனுக்கு முன்னால் பிள்ளைக்குப் பொய் பழக்குகிறார்களே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதையும் வெளியே சொல்லவில்லை. பிறகு உதவும் என்று வைத்துக்கொண்டதுபோல வைத்துக்கொண்டேன்.

பயணத்துக்கு முந்திய கிழமை ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். பேத்தி என்னைக் கண்டு ஓடிவந்தவள், ஜாக்கெற்றை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்ப உள்ளே ஓடினாள். அவளுடைய வகுப்பாசிரியை பக்கத்தில் நின்றார். நல்ல பெண். ஜெர்மன் மொழியில் சிரித்துக்கொண்டே கேட்டார்: "வகுப்பு முழுக்க ஆமைதான். நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தீவுக்குப் போகிறீர்களாமே?"

"நான் போகவில்லை," என்றேன். "அவர்கள் போகிறார்கள். வியாழக்கிழமை."

இதுவரை வாய் தவறியது என்று சொல்லலாம். என் கோபம் என் நாக்கை அவிழ்த்துவிட்டது என்று சொல்லலாம். அதற்குப் பிறகு நடந்ததற்கு அப்படி ஒன்றும் சொல்லமுடியாது. ஆசிரியையின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "வியாழக்கிழமையா? விடுமுறை தொடங்கிய பிறகு வரும் வியாழக்கிழமையைச் சொல்கிறீர்களாக்கும்," என்றார். அவர் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். ஆம் என்றால் முடிந்திருக்கும்.

"இல்லை, அடுத்த வாரம், வியாழக்கிழமை காலை," என்றேன்.

பேத்தி ஜாக்கெற்றோடு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வந்தாள். நான் நேர்மையான காரியம் செய்தவனைப்போல நிமிர்ந்து நடந்தது நினைவிருக்கிறது.

அடுத்த நாள் பள்ளிக்கூட அலுவலகம் மகளின் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்தது. மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்களாம். விடுமுறைக்கு முந்திய நாட்களில் பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனால் மருத்துவர் கடிதம் கட்டாயம் வேண்டும் என்று நினைவுபடுத்தினார்களாம். மகள் அன்று நேரத்தோடு வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே பேத்தியைக் கூப்பிட்டாள். நான் மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ரீச்சருக்கு என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"பொய் சொல்லாதை. நாங்கள் எண்டைக்குப் போறமெண்டு சொன்னனியே?"

"ஆமையைத்தான் சொன்னனான். தீவெண்டு சொன்னனான்."

"எண்டைக்கெண்டு கேட்டிருப்பா. நீயும் சொல்லியிருப்பாய். உனக்கு வாய் நிக்காதெல்லே."

"எனக்குத் தெரியாது, அம்மா," என்றாள் பிள்ளை. அழத் தொடங்கினாள். "சொன்னனானோ தெரியாது."

தான் செய்யாத ஒன்றைச் செய்திருப்பேனோ என்று அந்தப் பிள்ளை யோசிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் பாதி உரித்த வெங்காயம் இருந்தது. ஒரு வசனம் போதும். மருமகன் வந்து, "விடு, சின்னப்பிள்ளை தானே," என்று சொல்லும்வரை நான் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. அவர் சொன்ன பிறகும் நான் சொல்லவில்லை.

பயணத்தைப் பின்போட முயன்றார்கள். விடுமுறை தொடங்கிய பிறகு நாலு பேருக்கும் சேர்ந்து விமானத்தில் இடமில்லை. மருமகனின் வேலையிடத்தில் யார் எப்போது உர்லாப் லீவு எடுப்பது என்பது வருடத் தொடக்கத்திலேயே முடிவாகிவிடும், மாற்ற ஏலாது. கடைசியில் எல்லாவற்றையும் கைவிட்டார்கள். நான் பின்னறையில் இருந்து அதையெல்லாம் கேட்டேன். எனக்குத் திருப்தியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருக்கவில்லை.

பேரனுக்கு யாரோ காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். அவன் தமக்கையின் பின்னால் நடந்து "பெற்ஸ, பெற்ஸ" என்று கத்தினான். கோள்மூட்டிப் பிள்ளையை இங்கே கிண்டர்கார்டனில் அப்படித்தான் பழிப்பார்கள். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவள் பேத்தி. அன்று பேசாமல் போய்க் கதவை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் நிலவறையில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இறங்கிப் போனேன். படியில் நின்றபடியே சொன்னேன்.

"பிள்ளை சொல்லேல்லை. ரீச்சருக்கு நான்தான் சொன்னனான்."

அவள் கையிலிருந்த சின்னக் காலுறையைக் கொடியில் போட்டுக் கிளிப்பைக் குத்தினாள்.

"தெரியாமச் சொல்லிட்டீங்களோ?"

"இல்லை. தெரிஞ்சுதான்."

"ஏனப்பா?"

"நீ என்னைக் கேக்கேல்லை. வாறீங்களோ எண்டு ஒரு வார்த்தை."

அவள் மறுப்பாள், நீங்கள் வருவீங்கள் என்று நினைக்கவில்லை என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளும் என் மகள்தான்.

"ஓம். வேணுமெண்டுதான் கேக்கேல்லை," என்றாள். "அம்மா வருத்தமாப் படுக்கையிலை கிடந்த நாள் தொடக்கம் நான் பிள்ளையளோடை மட்டும் இருந்ததேயில்லை. ரெண்டு கிழமை ஒருத்தருக்கும் மகளா இல்லாமல் இருக்கவேணும் போலை கிடந்துது. அதை உங்கடை முகத்துக்குச் சொல்ல எனக்கு ஏலாமல் போச்சு. அது என்ரை பிழை. நீங்கள் என்னை ஏசியிருக்கலாம். நல்லாப் பேசியிருக்கலாம். அதை விட்டிட்டு, நான் பிள்ளையைப் பேசேக்கை பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

நான் அவளுடைய துரோகத்தைச் சுமந்துகொண்டு திரிந்த மாதங்களில் ஒருநாளும் இந்த விளக்கத்தை யோசித்துப் பார்க்கவில்லை. இப்போது கேட்டும் மனம் முழுக்க ஆறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவள் என்னை வேண்டாமென்றது உண்மை. ஆனால் அவள் யாருக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. நான் ஏழு வயதுப் பிள்ளையின் பின்னால் ஒளிந்தேன்.

"அவளுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்," என்றாள். "நான் சொல்லமாட்டன்."

மேலே பிள்ளைகள் இருவரும் நிலத்தில் அமர்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் நிலத்தில் இருந்தேன். அவளுக்கு முன்னால் கதிரையில் இருந்து சொல்ல மனம் வரவில்லை. தமிழில் சொன்னேன். தவறாக விளங்கக்கூடாது என்று ஜெர்மனிலும் சொன்னேன். அவள் கேட்டு முடித்தாள்.

"அம்மா பேசேக்கை நீங்கள் பக்கத்திலைதான் இருந்தனீங்கள்."

"ஓம்."

"நான் அழுதனான்."

"ஓம். மன்னிச்சுக்கொள்ளு."

அவள் யோசித்தாள். "இப்ப ஏலாது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கை வேலையாக இருக்கும்போது சொல்வதுபோலச் சொன்னாள்.

பேரன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"அப்ப அக்கா சொல்லேல்லையோ?"

"இல்லையப்பு. அக்கா சொல்லேல்லை."

"அப்ப நாங்கள் போகலாம்," என்று எழும்பினான். "எண்டைக்குப் போறம்?"

பேத்தி கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இதற்கும் நான்தான் பதில் சொல்லவேண்டும் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"போக ஏலாது," என்றேன்.

"ஏன்?"

"என்னாலை," என்றேன்.