மட்டம் பார்த்து வைத்த அடுப்பு

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவர் ரசமட்டம்தான். தரைக்கு ஓடு பதிக்கிற தொழில். சட்டைப் பையில் சாண் நீளத்துக்கு ஒரு ரசமட்டம் எப்போதும் இருக்கும். விருந்துக்குப் போன வீட்டிலும் மேஜைமேல் அதை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி தொடையில் கிள்ளுவாள்.

அவள் இறந்தபின் அவர் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. நிலைப்படி வரை வருவார். நிற்பார். திரும்பிவிடுவார். லீவில் வந்திருந்த மகள் சமைத்துக் கொடுத்தால் நாலு வாய்; இல்லாவிட்டால் பிஸ்கட்.

வெளியூரில் இருக்கும் அண்ணன் மகளிடம் போனில் முடிவாகச் சொல்லிவிட்டான். "லீவு முடிஞ்சு கிளம்பறப்போ வீட்டைப் பூட்டிட்டு அப்பாவை இங்க கூட்டிட்டு வந்துடு. தனியா விட்டா பட்டினி கிடப்பாரு."

அண்ணனின் மாடி வீட்டில் அடைந்து கிடந்தால் அப்பா என்ன ஆவார் என்று மகளுக்குத் தெரியும். இங்கே விட்டுப் போனால் என்ன ஆவார் என்றும் தெரியும். ஆலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. பழுது எங்கே என்று யோசித்தாள். அவருக்குச் சமைக்கத் தெரியும். அந்த அறைதான் ஆகவில்லை.

"அப்பா, வெளியில வெச்சு சமைக்கிற பெரிய கேஸ் தவா ஒண்ணு வாங்கலாமா?"

"முற்றத்துலயா?"

"முற்றத்துலதான்."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

கடையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மெல்லிய தகடு சூட்டில் நெளியும் என்று இரண்டை ஒதுக்கினார். மகள் ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் பார்த்தாள். இரண்டு பர்னருக்கும் தனித்தனித் திருகு வேண்டும் என்றாள். அதற்குள் அவர் தரையில் படுத்து அடுப்புக்கு அடியில் தலையை விட்டிருந்தார்.

"சார், வாங்கப் போறீங்களா, குடியேறப் போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"கால் நாலும் சமமான்னு பாக்கறேன்பா. உன் கடைத் தரையே கோணல்."

தடித்த இரும்புத் தகடும், வழிகிற கொழுப்பைப் பிடிக்க முன்பக்கம் ஒரு தட்டும் உள்ள அடுப்பு வீடு வந்தது. தகட்டைக் கழுவி, மெல்ல எண்ணெய் தடவி, புகையும் வரை காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி தடவினார்கள். சாம்பல் நிறம் பழுப்பாகி, சாயங்காலத்துக்குள் கறுத்துவிட்டது. பிறகு அவர் கால்களுக்கு அடியில் வாஷர்களைச் செருகி மட்டம் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. மகளும் குனிந்து பார்த்து, "கச்சிதம்" என்றாள்.

மறுநாள் காலை, கொழுப்போடு இறைச்சித் துண்டுகளைப் போட்டார். உருகிய கொழுப்பு முன்பக்கத் தட்டுக்கு ஓடவில்லை. குளம் கட்டி, பின்விளிம்பைத் தாண்டி பர்னரில் சொட்டியது. குப்பென்று தீ எழுந்தது.

"அப்பா!"

"கிட்ட வராத. மூடிட்டேன்." அவர் கை ஏற்கெனவே சிலிண்டர் வால்வில் இருந்தது. தீ தானாக அடங்கியது. அவர் அடுப்பையே வெறித்துப் பார்த்தார்.

"குளியலறையில தண்ணி ஓட வாட்டம் விடாம இப்படித் தரை போட்டிருந்தா, வீட்டுக்காரன் என்னைச் சும்மா விட்டிருப்பானா?"

"நானும்தானே கச்சிதம்னு சொன்னேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்தா வெளங்கிடும் போ!"

சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள்.

பின்கால்களுக்குக் கூடுதலாக வாஷர் செருகினார். "நான் ஒண்ணை வேணும்னே கோணலா வெச்சேன்னு சொன்னா உங்கம்மா நம்பியிருக்கவே மாட்டா." அம்மா போனபின் அவளைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றுதான்.

இறைச்சி வெந்தது. கொழுப்பு தட்டில் இறங்கியது. நின்றபடியே இரண்டு முட்டையும் இறைச்சியும் தின்றுவிட்டு, மகள் தட்டிலிருந்தும் ஒரு துண்டு எடுத்தார். பிறகு சூட்டோடு தகட்டைச் சுரண்டி, துளி நீர் தெளித்துத் துடைத்து, எண்ணெய் தடவ ஆரம்பித்தார்.

அண்ணன் கூப்பிட்டான். "ரெண்டு டிக்கெட் போட்டுடவா?"

"கண்ணு, நாளைக்கு மீன் வாங்கணும், ஞாபகப்படுத்து" என்றார் அப்பா, திரும்பாமலே.

"ஒண்ணு போதும்ணா" என்றாள் மகள்.