யார்டுக்கு வெளியே ஒரு சுற்று

டிப்போவில் அவளை எல்லோரும் ‘ரிவர்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடி முடித்து வரும் பஸ்ஸைக் கேட்டுக்குள் நிறுத்தி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டிரைவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த பஸ் அவள் பொறுப்பு. இடது பக்கம் ஒடித்துக் கழுவும் பாதைக்குள் விட வேண்டும். பிறகு டீசல் போடும் இடம். கடைசியாக, வரிசையில் நிற்கும் மற்ற பஸ்களுக்கு நடுவே, கை நுழையும் அளவுக்கு மட்டும் சந்து விட்டு, பின்பக்கமாகச் செருகி நிறுத்த வேண்டும். பத்து வருடம் ஊரைச் சுற்றிய டிரைவர்கள்கூட அந்தச் சந்தில் வியர்த்துப்போவார்கள். அவளோ ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ஒரே தடவையில் விட்டுவிடுவாள்.

முன்னால் ஓட்டுவதுதான் பிரச்சினை. பஸ்கள் நிற்கும் டிப்போ யார்டில் இரண்டாவது கியருக்கு மேல் போட இடமில்லை. ஹெவி லைசன்ஸ் எடுத்தபோது பயிற்சிப் பள்ளியின் பழைய லாரியில் கொஞ்ச நாள் ரோட்டில் போயிருக்கிறாள். அவ்வளவுதான். மூன்று வருடமாக நாள் முழுக்க பஸ்ஸிலேயே இருந்தும், பஸ்ஸை ஒரு தடவைகூடக் கேட்டைத் தாண்டி ஓட்டியதில்லை.

இந்த வேலைக்கு இப்போது முடிவு வந்துவிட்டது. யார்டு வேலையை வெளியார் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கப்போகிறார்கள். அவர்கள் ஆட்களையும் அவர்களே கொண்டுவருகிறார்கள். மாதக் கடைசியோடு ரிவர்ஸுக்கு வேலை இல்லை. அதே சமயத்தில் டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பும் சுவரில் ஒட்டப்பட்டது. அவள் விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

வீட்டில் பெரிய கலக்கம். அப்பா மரக்கடையில் சுமை ஏற்றுகிறவர். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. இரண்டு பேர் வம்சத்திலும் கல்லூரி வாசலை மிதித்தது இவள் ஒருத்திதான். பொருளாதாரம் படித்தாள், தேறினாள், அதோடு சரி. நேர்காணல் நேர்காணலாக ஏறி இறங்கிக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். கொஞ்ச நாளைக்கு என்று நுழைந்த இடம்தான் இந்த யார்டு. அப்பா அக்கம்பக்கத்தில், “பொண்ணு பஸ் கம்பெனி ஆபீஸ்ல இருக்கா” என்று சொல்லி வைத்திருந்தார்.

“ஸ்டியரிங் பிடிக்கவா உன்னக் காலேஜுக்கு அனுப்பினோம்?” என்றார், விண்ணப்பம் போட்ட செய்தி கேட்டு.

“இப்பவும் ஸ்டியரிங்தானேப்பா பிடிக்கிறேன்?”

“அது உள்ளுக்குள்ள. யாரு பார்த்தா?” என்றாள் அம்மா. “ரோட்டுல ஓட்டினா ஊரே பார்க்கும்டி.”

அப்பா கேட்டதையே வேறு விதமாக அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மையிலேயே பஸ் ஓட்டப் பிடித்திருக்கிறதா, இல்லை வேறெங்கும் கதவு திறக்காததால் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனா? அந்தப் பெரிய உடம்பு சந்துக்குள் ஒழுங்காகப் போய் உட்காரும்போது மனசு அமைதியாகும். எந்த நேர்காணல் அறையிலும் அவளுக்கு அது கிடைத்ததில்லை. ஆனால் அது யார்டு. ரோட்டுக்குப் போனதும் அந்த அமைதி காணாமல் போய்விட்டால்? படித்த வேலையும் வாய்க்கவில்லை, பிடித்த வேலையும் வாய்க்கவில்லை என்று ஆகிவிடாதா?

டீசல் போடும் டேங்க் அண்ணன் இப்படியெல்லாம் குழப்பிக்கொள்கிற ஆள் இல்லை.

“டெஸ்ட் எடுக்க வர்றவரு அனுபவம் கேப்பாரு. மாமா ஸ்கூல் பஸ் வச்சிருக்காரு, ரெண்டு வருஷம் நான்தான் ஓட்டினேன்னு அடிச்சு விடு.”

“எனக்கு மாமாவே இல்லண்ணே.”

“ரொம்ப வசதி. அவரக் கூட்டிட்டு வான்னு சொல்ல முடியாது பாரு.”

தேர்வு நாளன்று காலையில் ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. இல்லாத அந்த மாமாவுக்கு ஒரு முகம், ஒரு மீசை, மஞ்சள் நிறத்தில் ஒரு பஸ் எல்லாம் தயார் செய்துகொண்டு போனாள். தேர்வு அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

“ரோட்டுல எவ்வளவு ஓட்டியிருக்கீங்க?”

மாமா தொண்டை வரைக்கும் வந்துவிட்டார். அப்புறம் என்னவோ, அங்கேயே நின்றுவிட்டார்.

“லைசன்ஸ் எடுக்கும்போது ஓட்டினதுதான் சார். அதுக்கப்புறம் யார்டுதான்.”

“அப்ப அனுபவம்னு சொல்லிக்க ஒண்ணுமில்ல.”

“ரிவர்ஸ் நல்லா எடுப்பேன் சார்.”

“பயணிங்கள ஊரெல்லாம் ரிவர்ஸ்லயேவா கூட்டிட்டுப் போகப்போறீங்க?” முகத்தில் சிரிப்பே இல்லை. எழுந்து தொப்பியை எடுத்தார். “வாங்க, பார்ப்போம். டவுனைச் சுத்திட்டு வரணும், அவ்வளவுதான்.”

பஸ்ஸில் அதிகாரி பக்கத்து இருக்கையில் உட்கார, அவள் பிரேக்குக்குக் காற்று ஏறும்வரை காத்திருந்தாள். கண்ணாடிகளைச் சரிசெய்தாள். பிறகு வழக்கம்போல ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டு வண்டியை நகர்த்தினாள். யார்டில் அது கட்டாயம். பஸ்ஸுக்கு அடியில் துடைக்கிறவர்கள் யாராவது இருந்தால் வெளியே வந்துவிடுவார்கள். கேட்டைத் தாண்டியதும் முதல் நிறுத்தத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். கிளம்பச் சொன்னார். மறுபடி இரண்டு ஹாரன். நிறுத்தத்தில் நின்றிருந்த ஒருவர் கையிலிருந்த தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

“ஏம்மா, அவர் என்ன வண்டிக்கு அடியிலயா படுத்திருக்கார்?”

“பழக்கம் சார். மன்னிச்சுக்குங்க.”

அடுத்த நிறுத்தத்திலும் கை தானாக ஹாரனுக்குப் போனது. நடுவழியில் இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். “ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும்” என்றார் அவர். கதவு திறந்திருப்பதைப் பார்த்துப் பை நிறையக் காய்கறியோடு ஒரு அம்மாள் ஏற வந்தாள்.

“ஸ்டேஷன் போகுமா?”

“போகாதும்மா. இது டிரைவருக்கு டெஸ்ட்” என்றார் அதிகாரி.

அந்த அம்மாள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆத்தாடி” என்று படியிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

கடைத்தெருவைக் கடந்து பெரிய சாலையில் ஏறியபோது மூன்றாவது கியரைப் போட்டாள். கியர்க் கம்பி கொஞ்சம் முரண்டு பிடித்து உள்ளே விழுந்தது. எஞ்சின் சத்தம் தணிந்தது. யார்டில் எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கும் பஸ், இப்படி மெதுவாகப் பேசும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான்காவது கியரும் போட்டாள். இருபுறமும் விளக்குக் கம்பங்கள் வரிசையாகப் பின்னால் போயின. சைக்கிள்காரர் ஒருவர் நடுவில் ஆடி ஆடிப் போக, அவர் தானாக ஓரம் ஒதுங்கும்வரை பின்னாலேயே பொறுமையாக ஊர்ந்தாள். முனைத் திருப்பத்தில் நேராக உள்ளே போய், பின்சக்கரம் நடைபாதையில் ஏறாதபடி தாமதமாக ஒடித்தாள். அதிகாரியின் கால் பிரேக் இருப்பதாக நினைத்துத் தரையை ஒரு முறை மிதித்தது. பிறகு மிதிக்கவில்லை.

காணாமல் போகும் என்று பயந்த அமைதி போகவில்லை. கூடவே உட்கார்ந்து வந்துகொண்டிருந்தது.

டவுனைச் சுற்றி முடித்துத் திரும்பினார்கள். டிப்போ கேட் தெரிந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. முடிந்துவிட்டது, நன்றாகவே முடிந்துவிட்டது என்ற நினைப்பில் கேட்டுக்குள் நுழைந்தாள். கை மூன்று வருடமாகச் செய்ததையே செய்தது. இடது பக்கம் ஒடித்தது.

நடந்தது புரிவதற்குள் பஸ்ஸின் மூக்கு கழுவும் பாதைக்குள் போய்விட்டது. இரண்டு பக்கமும் குழாய்கள் சீறின. நீல பிரஷ்கள் சுழன்று நெருங்கின. உள்ளே போய்விட்டால் நிற்கக் கூடாது, பின்னால் எடுக்கவும் கூடாது. பிரஷ் கண்ணாடிகளைப் பிடுங்கி எடுத்துவிடும். நடக்கும் வேகத்தில் மறுமுனை வரை போய்த்தான் ஆக வேண்டும்.

“சார், ஜன்னல சாத்துங்க!”

அவர் ஜன்னலைத் தேடிப் பிடிப்பதற்குள் சோப்புத் தண்ணீர் அவரைத் தேடிப் பிடித்துவிட்டது. தொப்பி எங்கோ விழுந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கை ஒரு மயிரிழைகூட அசைக்காமல் உருட்டினாள். மறுமுனையில் டேங்க் அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தார். வெளியே வந்து நிறுத்தி, பிரேக் போட்டாள். காற்று உஸ்ஸென்று இறங்கியது. வேலையும் அதோடு போய்விட்டது என்று நினைத்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். துடைக்க உலர்ந்த துணி எதுவும் உடம்பில் இல்லை. அப்படியே மாட்டிக்கொண்டார்.

“டெஸ்ட் கேட்டுல முடிஞ்சிருச்சு” என்றார். “கேட்டுக்கு அப்புறம் நடக்கிறதுக்கு மார்க் போட முடியாது. அது உங்க நல்ல நேரம்.”

“சார்...”

“அந்த ஹாரன் பழக்கத்த விட்டுடணும். எப்படியும் மூணு மாசம் பயிற்சி உண்டு, பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவரையாவது நனைக்காதீங்க.” எழுந்து இரண்டு அடி வைத்தார், ஷூவுக்குள் தண்ணீர் சத்தம் போட்டது. “திங்கட்கிழமை காலைல வந்துடுங்க.”

அவர் இறங்கிப் போனார். படிக்கட்டில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. டேங்க் அண்ணன் பஸ்ஸைச் சுற்றி வந்து தலையை நீட்டினார்.

“கழுவி அனுப்பிட்டியே அந்த ஆள! மாமா கதையச் சொன்னியா இல்லையா?”

“இல்லண்ணே.”

“போச்சு போ. வேலை?”

“கிடைச்சிருச்சு.”

“அடிப்பாவி” என்றார் அவர். “கேண்டீன் மூடறதுக்குள்ள ஓடு, மூஞ்சியப் பார்த்தாலே பசி தெரியுது.” அப்படிச் சொல்லிவிட்டு ஓடியது அவர்தான், செய்தியை நாலு பேருக்குச் சொல்ல.

அப்போதுதான் போன் அடித்தது. அம்மா.

“என்னடி ஆச்சு?”

வாயைத் திறந்தாள். சிரிப்பு அழுகையாகிவிட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்தான் அந்தப் பக்கம் போயிருக்கும்.

“சரி விடு” என்றாள் அம்மா உடனே. “அழாத. போனாப் போகுது. அவனுங்களுக்குக் கண்ணு தெரியல. உன்ன மாதிரி சந்துல விட அங்க எவன் இருக்கான், உங்க டிப்போ ஆளுங்களே சொல்லியிருக்காங்களாமே, அப்பா கடைக்கு வர டிரைவர் சொன்னாராம். இங்க இல்லன்னா இன்னொரு கம்பெனி. திரும்பப் போடு. விட்டுடாத, கேட்டியா?”

அவள் அசையாமல் கேட்டாள். கல்லூரியில் தேறியபோதுகூட அம்மா இவ்வளவு நேரம் அவளைப் பற்றிப் பேசியதில்லை. பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது: “எந்த இடத்துல தப்பு விட்டாளாம்னு கேளு. சிக்னலா, திருப்பமா? ஞாயித்துக்கிழமை கடை லாரிய வேணா கேட்டு வாங்கறேன், பழகட்டும்.”

“அம்மா.”

“சொல்லுடி.”

“வேலை கிடைச்சிருச்சும்மா.”

அம்மா போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது.

“அப்ப எதுக்குடி இவ்வளவு நேரம் என்னப் பேசவிட்டே?”